கோடில்லாத மூன்று புள்ளிகள்

அச்சுப்பிரதியின் பின்பக்கத்தில் அக்கா பென்சிலால் மூன்று புள்ளிகள் வைத்தாள். நான்காவதும் வைப்பாள், அல்லது கோடு இழுப்பாள் என்று காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காதபடி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டு, “போச்சு” என்றாள்.

அப்போது காலை பதினொரு மணி. கீழே குழாயடியில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நூலகத்திலிருந்து ஏறக்குறைய ஓடிவந்திருந்தேன். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் நான். மகிழ்ச்சியோடு கொண்டுவந்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சிதம்பரத்தில், ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு பெண்கள் விடுதியில் நாங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்தோம். அக்கா என்று நான் அழைத்தவள் உறவினள் அல்லள். பெண்ணாடத்துக்காரி, கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் கடலூர். தமிழ் இலக்கியத்தில் ஆய்வு மாணவி. ஒரு சிறிய தலபுராணத்தின் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு, எந்தப் படியில் எந்த வரி மாறியிருக்கிறது, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று பட்டியலிடுவது என் வேலை. அதை முன்பே பதிப்பித்திருந்தவர் என் நெறியாளர். அவருடைய அச்சுப் பதிப்பும் நான் ஒப்பிட வேண்டிய படிகளில் ஒன்று.

அக்காவின் பதிவுக்காலம் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. அந்த மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். மீண்டும் முதலிலிருந்து பதிவு செய்யவேண்டும். அதற்கு வீட்டில் ஒப்ப மாட்டார்கள் என்பதை அவள் சொல்லாமலே நான் அறிவேன், ஞாயிறுதோறும் வரும் தொலைபேசி அழைப்புகளில் “இன்னும் எத்தினி நாளு?” என்ற கேள்வி எனக்கும் கேட்கும். ஐந்து இயல்களும் முடிந்திருந்தன. மொழியைத் திருத்தி, மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும்படி என்னிடம் தந்திருந்தாள்.

“கமா எங்க போடணும்னு மட்டும் பாரு புள்ள. கணக்கு எங்க போவுதுன்னு கேக்காத. கேட்டா எனக்கே பயமா கீது.”

நான் கேட்கவில்லை. எனக்குக் கணக்கு தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். மேற்கோள் காட்டப்பட்ட ஒவ்வொன்றையும் அதன் மூலத்தோடு ஒப்பிட்டேன்.

மூன்றாம் இயல் முழுவதும் ஒரே ஒரு துணைத்தேற்றத்தின் மீது நின்றது. அதை லெம்மா என்பார்கள். பெரிய தேற்றத்துக்கு முட்டுக்கொடுக்கும் சிறிய தேற்றம். அது அக்காவுடையது அன்று. அவளுடைய நெறியாளரான பேராசிரியை பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆய்விதழில் வெளியிட்டது. அது என்ன சொல்கிறது என்று ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கேட்டபோது அக்கா ஊறுகாயை விரலால் தொட்டுத் தட்டில் புள்ளிகள் வைத்தாள்.

“இதெல்லாம் ஊரு. இது புவனகிரி, இது கீரப்பாளையம், இது முட்லூர்னு வச்சுக்க. கோடு போட்டா ரோடு. ஒரு ஊருல போலீஸ் ஸ்டேஷன் வச்சா அந்த ஊரையும் பாத்துக்கும், ரோடு போற பக்கத்து ஊரையும் பாத்துக்கும். எல்லா ஊருக்கும் காவல் வேணும். கம்மியா எத்தினி ஸ்டேஷன் போதும்? மேடம் லெம்மா இன்னா சொல்லுதுன்னா, எப்புடிப் போட்டாலும் பாதி ஊருக்கு மேல ஸ்டேஷன் தேவைப்படாது.”

உண்மையில் அது இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. காவலிலேயே பல வகைகள் உண்டு. ஒரு வகை இன்னொன்றைக் காக்கும். நான் இங்கே எழுதுவது அதன் எலும்பை மட்டும். ஆனால் முறிந்தது அந்த எலும்புதான்.

கணிதத் துறை நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் கருப்பு அட்டையும் பொன்னிற எழுத்துமாக ஒரு தனி அலமாரியில் இருந்தன. எனக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று பேராசிரியை தம் இளம் வயதில் அதே துறையில் எழுதியது. இன்னொன்று அவரிடம் அக்காவுக்கு முன் ஆய்வு செய்து, இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருப்பவருடையது. அக்கா அவரை அண்ணன் என்பாள். இரண்டையும் ஆய்விதழ்க் கட்டுரையின் நகலையும் அக்காவின் இயலையும் வரிசையாக வைத்துக்கொண்டு, என் புராணப் படிகளை ஒப்பிடுவதுபோலவே வரிவரியாக ஒப்பிட்டேன்.

துணைத்தேற்றம் பேராசிரியையின் ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் அக்காவின் இயலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. அண்ணனின் ஆய்வேட்டில் மட்டும் அது இல்லை. மற்றவர்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தை அவர் ஒன்பது பக்கம் சுற்றிக் கடந்திருந்தார். என் குறிப்பேட்டில் “தேவையற்ற நீட்சி” என்று எழுதிவைத்தேன். நடையைப் பற்றித் தீர்ப்பு வழங்குவதில் எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை.

பிறகு, பழக்கத்தின் காரணமாக, பேராசிரியையின் ஆய்வேட்டில் அந்த இயலின் தொடக்கத்துக்குப் போனேன். பழைய நூல்களில் ஓர் இயலின் முதலில் சொல்லப்படுவது அதன் கடைசி வரி வரை ஆளும். நடுவிலிருந்து ஒரு பாட்டைத் தனியே எடுத்தால் அந்த ஆட்சி அறுந்துவிடும். அங்கே, தலைப்புக்குக் கீழே, ஒரு வாக்கியம் தனியாக நின்றது: இந்த இயலில் வரும் எந்த வரைபடத்திலும் தனித்த புள்ளி இல்லை எனக் கொள்வோம்.

கட்டுரையில் அந்த வாக்கியம் இல்லை. அக்காவின் இயலிலும் இல்லை.

அந்த நொடியில் நான் அடைந்தது சுத்தமான மகிழ்ச்சி. ஒரு வரி எங்கே, எந்தப் படியில் விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். என் துறையில் அதற்காகத்தான் ஆண்டுக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம். நூலக மாடிப்படிகளில் இறங்கி, வெயிலில் குடைகூட விரிக்காமல் வந்து, “அக்கா, உங்க மேடம் ஒரு வரிய விட்டுட்டாங்க!” என்றேன்.

அக்கா வாக்கியத்தைப் படித்தாள். முதலில் சிரித்தாள். “தமிழ் படிச்ச புள்ளகிட்ட தீசிஸைக் குடுத்தா இப்புடித்தான்.” பிறகு தாளைத் திருப்பி அந்த மூன்று புள்ளிகளை வைத்தாள்.

“மூணு ஊரு. ரோடே இல்ல. கிள்ளைக்கு அந்தாண்ட படகு மட்டும் போற திட்டு மாதிரி. எத்தினி ஸ்டேஷன் வேணும்?”

“மூணு.”

“மூணுல பாதி எத்தினி?”

“ஒண்ணரை” என்றேன்.

“முதல் சாப்டர்ல எல்லா ஊருக்கும் ரோடு இருக்குதுன்னு தானே ஆரம்பிச்சீங்க? உங்க படத்துல தனிப்புள்ளி வராதே” என்று அவசரமாகக் கேட்டேன். அவளைத் தேற்றுவதாக எண்ணினேன்.

“ஆரம்பத்துல வராது. நான் நடுவுல புள்ளிய எடுக்கறேன்டி. புவனகிரிய எடுத்துட்டா, புவனகிரி வழியா மட்டும் ரோடு இருந்த ஊரெல்லாம் இன்னா ஆவும்? தனியாப் போயிடும். அந்த மிச்சத்து மேலதான் லெம்மாவப் போட்டிருக்கேன். மூணாவது சாப்டர் ஃபுல்லா.” பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “மூணு வருஷம்.”

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. மாத முடிவுக்கு இன்னும் பத்தொன்பது நாள்கள் இருந்தன.

அன்று பிற்பகலே பேராசிரியையின் அறைக்குப் போனோம். நானும் வரவேண்டும் என்றாள் அக்கா. “நீதான சாட்சி” என்றாள். பேராசிரியை குள்ளமான, சுறுசுறுப்பான அம்மையார். சுண்ணக்கட்டிக்கு ஒவ்வாமை இருந்ததால் கரும்பலகையில் எழுதும்போது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார். அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்குவதற்குள் அவரே, “இன்னாம்மா, பைண்டிங் குடுத்தாச்சா?” என்றார்.

அக்கா கரும்பலகையில் மூன்று புள்ளிகள் வைத்தாள். நான் கருப்பு அட்டை ஆய்வேட்டை அந்தப் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தேன்.

அவர் வாக்கியத்தைப் படித்தார். பலகையைப் பார்த்தார். மீண்டும் படித்தார். தம் அலமாரியிலிருந்து ஆய்விதழை எடுத்துப் புரட்டினார். அதே பக்கத்தை முன்னும் பின்னும் மூன்று முறை திருப்பினார். அந்த வரி வேறெங்காவது ஒளிந்திருக்கும் என்பதுபோல.

“இதை நான்தான் எழுதினேன்” என்றார் ஆய்வேட்டைத் தொட்டு. பிறகு ஆய்விதழைத் தொட்டு, “இதையும் நான்தான் எழுதினேன்” என்றார். “அஞ்சு பக்கத்துக்குள்ள வரணும்னு திருப்பி அனுப்பினாங்க. குறைச்சேன். எதைக் குறைச்சேன்னு...” வாக்கியத்தை முடிக்காமல் நாற்காலியில் அமர்ந்தார்.

பிறகு அக்காவிடம் திரும்பினார். கோபமில்லை, அதைவிடக் கடினமாக இருந்தது.

“ஏம்மா, நீ ஒரு தடவையாச்சும் சின்னதா போட்டுப் பாக்கலியா? மூணு புள்ளி. மூணே மூணு புள்ளி வச்சு?”

“உங்க பேப்பர் மேடம்” என்றாள் அக்கா.

அதுவே முழுமையான விடை என்பதுபோல நின்றாள். பேராசிரியை அவளையே பார்த்தபடி இருந்துவிட்டு, கைப்பேசியை எடுத்தார்.

“உனக்கு முன்னாடி எங்கிட்டப் பண்ணானே, அவன் தீசிஸ்லயும் இடிக்கும். பட்டம் வாங்கிட்டான், வேலைக்கும் போயிட்டான். அவனுக்கு நானே சொல்லணும். வேற யாராச்சும் சொல்லிக் கேட்டா நல்லா இருக்காது.” கண்ணாடி இல்லாமல் எண்ணைத் தேட முடியவில்லை, அக்கா தேடிக் கொடுத்தாள். மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“மேடம், வணக்கம் மேடம். சொல்லுங்க” என்றது கடலூர்க் குரல். பின்னணியில் கல்லூரி மணி அடித்தது.

பேராசிரியை சொன்னார். வழக்கமாகத் தேற்றங்களை நிறுவும் அதே ஒழுங்கோடு, எது விடுபட்டது, எங்கே முறிகிறது, யார் யாரைப் பாதிக்கும் என்று சொன்னார். “தப்பு என்னுது. உன் மூணாவது சாப்டர எடுத்துப் பாரு. எங்க இடிக்குதுன்னு சேந்து பாப்போம்” என்று முடித்தார்.

இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து அக்கா திரையை எட்டிப் பார்த்தாள்.

“என் தீசிஸ்ல அந்த லெம்மா இல்ல மேடம்” என்றது குரல்.

“ஏன் இல்ல? அதுதான நம்ம மெயின் டூல்?”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

“தெரியும் மேடம்.”

“எது தெரியும்?”

“அது... தனிப்புள்ளி வந்தா நிக்காதுன்னு. அப்பவே தெரியும். அதனாலதான் சுத்திப் போனேன்.”

என் குறிப்பேட்டில் நான் எழுதிவைத்திருந்த “தேவையற்ற நீட்சி” என்ற சொற்கள் கண்முன் வந்தன. ஒன்பது பக்கம். அவர் வளவளக்கவில்லை. பள்ளத்தைக் கண்டு விலகி நடந்திருக்கிறார். நடந்தவர், பள்ளம் இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

பேராசிரியையின் முகத்தை வருணிக்க முயன்று பலமுறை எழுதி எழுதி அடித்திருக்கிறேன். தம்முடைய தவற்றை அறிந்தபோது அவர் முகம் ஒடுங்கியது. வேலை செய்யத் தொடங்கியவரின் முகம் அது. இப்போது அது அப்படியில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்று அறிந்தவர்போல, அவர் கைப்பேசியை வெறித்தார். சுண்ணம் படிந்த கைக்குட்டையை விரலிலிருந்து பிரித்து மடித்தார், மறுபடி பிரித்தார்.

“வச்சிடறேன்பா” என்று மட்டும் சொன்னார். அழைப்பைத் துண்டித்துவிட்டு அக்காவைக் கேட்டார்: “உனக்கு வேற ஏதாச்சும் தெரியுமா? எனக்குத் தெரியாம?”

“சத்தியமா இல்ல மேடம்.”

என்னை அவர் கேட்கவில்லை. நான் அவருடைய மாணவி அல்லள். ஆனாலும் நான் தரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் கடலூருக்குப் பேருந்து ஏறினோம். அந்த ஒன்பது பக்கத்தின் பின்னால் இருக்கும் கைக்கணக்கு அவளுக்கு வேண்டியிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் மூன்றாம் இயலைப் புரட்டியபடி வந்தாள். முதுநகரை நெருங்கும்போது ரசாயன ஆலைகளின் வாடை சன்னல் வழியாக வந்தது. “உங்க ஊரு வந்துடுச்சு, மூக்கப் பொத்திக்க” என்றாள். மூன்று நாள்களில் அவள் சொன்ன முதல் கேலி.

அண்ணனின் வீடு மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடிப்பகுதி. நாற்பது வயதிருக்கும். அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் டம்ளர்களைப் பார்த்தபடியே பேசினார்.

“கேக்கத்தான் போனேன்மா. நோட்டோட போனேன். அன்னிக்குப் பாத்து அந்தப் பேப்பரை யாரோ வெளிநாட்டுக்காரரு மேற்கோள் காட்டியிருக்காருன்னு மேடம் டிபார்ட்மெண்ட்டு முழுக்க லட்டு குடுத்துக்கினு இருந்தாங்க. எனக்கும் ஒண்ணு. லட்டக் கையில வச்சுக்கினு ‘மேடம், இது தப்பு’ன்னு எப்புடிம்மா சொல்றது?”

“மறுநாள் சொல்லியிருக்கலாமேண்ணே.”

“மறுநாள் சொன்னா ‘நேத்தே ஏன் சொல்லல’ன்னு வரும். ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா ‘ஒரு மாசமா ஏன் சொல்லல’ன்னு வரும். நாளாக ஆக லெம்மா சின்னதாயிடுச்சு. சொல்லாததுதான் பெருசாயிடுச்சு.”

“நான் அதும்மேல மூணு வருஷம் வீடு கட்டியிருக்கேன்” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “என் தீசிஸ் சுருக்கம் உங்களுக்கும் மெயில்ல வந்துச்சு இல்ல?”

“வந்துச்சு.”

“பாக்கல?”

“தொறந்தேன்.” அவர் டம்ளரைச் சுழற்றினார். “ரெண்டாம் பக்கம் அந்த லெம்மா பேரப் பாத்தேன். மூடிட்டேன்.”

நான் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை சாதுவான, காப்பி போட்டுத்தரத் தெரிந்த ஒருவர், பள்ளத்தை நோக்கி நடக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்தியிருக்கிறார். அப்படி மனத்துக்குள் ஒரு வாக்கியத்தை நான் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே போய்ப் பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரித்தார்.

பக்கத்தின் நடுவில் மூன்று புள்ளிகள். கோடில்லை. அக்கா அச்சுப்பிரதியின் பின்பக்கத்தில் வைத்த அதே மூன்று. அவற்றுக்குக் கீழே நேர்த்தியான கையெழுத்தில் “மேடத்திடம் கேட்க வேண்டியவை” என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் ஆறு கேள்விகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு கட்டம். ஐந்து கட்டங்களில் சரிக்குறி இட்டிருந்தது. முதல் கட்டம் காலியாக இருந்தது.

நான் கட்டிக்கொண்டிருந்த வாக்கியம் அங்கேயே உதிர்ந்தது. விடுதியில் என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. “ஐயாவிடம் கேட்க வேண்டியவை” என்பது அதன் தலைப்பு. என் நெறியாளருடைய பதிப்பில், மூன்று இடங்களில், படிகள் எதிலும் இல்லாத பாட்டடிகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றைக் கண்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மூன்று கட்டங்களும் காலி. வேறொரு துறையின் பேராசிரியை விட்ட வரியைக் கண்டவுடன் வெயிலில் ஓடிய அதே கால்கள், எட்டு மாதங்களாக எங்கள் துறையின் மாடிப்படி ஏறவில்லை.

அக்கா அந்தக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. படியிறங்கும்போது அண்ணன், “மேடம் கோவமா இருக்காங்களா?” என்று கேட்டார். “கோவமில்லண்ணே” என்றாள். “அதான் பிரச்சினை.”

அடுத்த இரண்டு வாரங்கள் பேராசிரியையின் அறையில் பகல் முழுவதும் இருவரும் அந்த ஒன்பது பக்கத்தைப் பிரித்துக் கட்டினார்கள். புள்ளியை எடுக்காமலே எண்ணும் வழி அது. அக்காவின் தேற்றம் முழுவதும் பிழைக்கவில்லை. எல்லா வரைபடங்களுக்கும் என்றிருந்தது, சுற்றிவந்து சேரும் பாதை இல்லாத வரைபடங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. “முன்னாடி மாவட்டம் முழுக்க எனக்குத்தான். இப்ப ஒரு பஞ்சாயத்து” என்றாள். அவள் சிரித்தாள்; நான் சிரிக்கவில்லை. பேராசிரியை ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். அதில் அண்ணனின் ஆய்வேட்டை மேற்கோள் காட்டினார் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை; நகலைக் காட்டினாள்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா ஆய்வேட்டைக் கொடுத்தாள். மூன்றாம் இயலின் முதல் வரியாக, தனித்த புள்ளி இல்லை எனக் கொள்ளும் அந்த வாக்கியம் நின்றது. அதன் கமாவை நான்தான் சரிபார்த்தேன்.

அவள் அறையைக் காலி செய்த காலையில், தன் பசைப்புட்டியைத் தேடி என் இழுப்பறையைத் திறந்தாள். தாளை எடுத்தாள். தலைப்பைப் படித்தாள். மூன்று காலிக் கட்டங்களையும் விரலால் தொட்டாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

“ஏண்டி,” என்றாள், “உங்க ஐயா லட்டு குடுத்தாரா?”

அவளுடைய பேருந்து போன பிறகு துறைக்குப் போனேன். என் நெறியாளர் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி, முதல் இடத்தைச் சொன்னேன். அவர் தம் பதிப்பைத் திறந்து பார்த்தார். நான் கொண்டுபோன படியின் நகலைப் பார்த்தார். “ஆமாம்மா. இது இங்க இல்லியே” என்றார். குரலில் ஆர்வம்கூட இருந்தது. மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்தார். நான் பயந்ததில் எதுவும் நடக்கவில்லை.

பென்சிலின் முனையைப் பார்த்தபடியே, “இதை எப்பம்மா பாத்த?” என்று கேட்டார்.

“எட்டு மாசம் ஆச்சு ஐயா.”

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை, கணிதத் துறையில் பார்த்திருந்தேன்.